ஊத்துமேட்டுக்கு வேன் போகாது

முதலில் அவள் பார்த்தது அவனுடைய கால்களைத்தான்.

ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொன்றில் இல்லை. இரண்டும் ஒரு நீல வேனுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. அந்த வேனோ, பீர்மேட்டிலிருந்து வெள்ளிக்கரடு தேயிலைத் தோட்டத்துக்குள் நுழையும் ஒற்றைப் பாதையில், ஓடைப் பாலத்துக்கு மேலே, இங்கிட்டும் விடாமல் அங்கிட்டும் விடாமல் குறுக்கே நின்றது.

முத்துப்பேச்சிக்குக் காலையிலிருந்தே எரிச்சல். தோட்டத்து ஆசுபத்திரியில் கம்பவுண்டர் லீவு. மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண் என்றுதான் அவளுக்கு வேலை... ஆனால் கட்டுப் போடுவதும், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் போய்க் காய்ச்சல் பார்ப்பதும், குடிதண்ணீரில் மருந்து கலப்பதும் அவள் தலையில்தான். அதோடு ஐப்பசி மழை. இப்போது இந்தக் கால்கள்!

"யாருங்க அது? கொஞ்சம் வெளிய வாரீகளா?"

"சித்தெ பொறுங்க... நட்டு ஒன்னு கைல இருக்குது..."

"ஒங்க நட்டுக்காக எம் பின்னால கொழுந்து டிராக்டர் நிக்குது. மழை நிக்காது!"

கால்கள் நெளிந்தன. பிறகு வேட்டி, பிறகு சட்டை, கடைசியாக ஒரு முகம் வந்தது. மூக்கு நுனியில் கறுப்பு எண்ணெய். அதன் மேல் ஒரு மழைத்துளி விழுந்து, வழியத் தெரியாமல் உருண்டது. கண்கள் மட்டும்... திட்டு வாங்கப் போகிறோம் என்று தெரிந்தே சிரிக்கிற கண்கள். அதைக் கவனித்ததற்காக அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"என்ன ரிப்பேரு?"

"ரிப்பேரெல்லாம் ஒன்னுமில்லீங்க."

"பின்ன?"

"பெட்ரோல் தீந்துருச்சுங்க. வர்ற வழி பூரா பங்குல ஸ்டாக் இல்லைன்னுட்டாங்க."

"பெட்ரோல் தீந்ததுக்கு அடியில படுத்து என்னத்தத் தேடுனீக?"

அவன் வேனைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உள்ள ஆறு பேரு இருக்கறாங்க. ஆறு பேருக்கும் எம்மேல கோவம். அதானுங்க... அடியில போயிட்டேன்."

சிரிப்பு தொண்டை வரை வந்தது. முத்துப்பேச்சி அதை விழுங்கினாள்.

கண்ணாடிக்குப் பின்னால் ஆறு குரங்குக் குல்லாய்கள் தெரிந்தன. அவன் பெயர் அழகுமலை. பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை. வேனை வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்களுக்கு மலை காட்டும் தொழில். ஐந்து நாளில் பதினான்கு இடம். வண்டியை விட்டு இறங்காமலே பார்த்துவிடலாம் என்று நோட்டீசே அடித்திருந்தான்.

"இதுவரைக்கும் எத்தன எடம் பாத்தாக?"

"பதினொன்னுங்க!" பெருமையாகச் சொன்னான்.

"கால் தரையில பட்டது?"

கொஞ்சம் யோசித்தான். "ஓட்டல்லீங்க..."

அந்த நேரம் பார்த்து வேனின் சன்னல் திறந்தது. ஒரு கை வெளியே வந்தது. ஆரஞ்சுத் தோல், பிஸ்கட் காகிதம், ஒரு தகர டப்பா, எல்லாம் பாலத்துக்குக் கீழே ஓடைக்குள் விழுந்தன. சன்னல் மூடிக்கொண்டது.

முத்துப்பேச்சி குடைக் காம்பால் கண்ணாடியைத் தட்டினாள். "அய்யா, போட்டத எடுங்க."

"எதை?"

"தண்ணியில போட்டீகளே, அத."

குல்லாய்க்குள்ளிருந்து ஒரு பெரிய மீசை அவளைப் பார்த்தது. "போற தண்ணிதான அம்மிணி?"

"எங்க போகுதுன்னு தெரியுமா? கீழ நாப்பது வீட்டுக் கொடத்துக்குப் போகுது. போன வருசம் வாந்திபேதி வந்தப்ப பதினோரு புள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஓடுனவ நான். எடுங்க!"

மீசைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அழகுமலை ஓடைக்குள் குதித்தான். பாசி வழுக்கியது. அவன் எழுந்தபோது தலையிலிருந்து கால் வரை சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையில் டப்பா, மறு கையில் ஆரஞ்சுத் தோல். மேலே ஏறி வந்து அவள் காதருகே மெதுவாகச் சொன்னான்.

"அவரு... எங்கப்பாருங்க. பொங்கியண்ணன். ரைஸ்மில் வெச்சிருக்கறாரு. பையன் உருப்படறானான்னு பாக்க வந்திருக்கறாரு."

"பாத்துட்டாரா?" என்றாள் முத்துப்பேச்சி.

பெட்ரோல் வர மூன்று நாளாகும் என்று தகவல் வந்தது. டிராக்டர்க்காரர்கள் வேனைத் தள்ளி ஓரமாக விட்டார்கள். தோட்டத்து மானேஜர் துரையிடம் கேட்டு, பிள்ளைகள் வராத பழைய பள்ளிக்கூடக் கொட்டகையில் ஆறு பேரையும் தங்க வைத்தாயிற்று. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை யாருக்கு? வேறு யாருக்கு... முத்துப்பேச்சிக்குத்தான்!

ஒரு மணி நேரத்தில் அவளுக்குத் தலை சுற்றியது. ஒருவருக்கு மூச்சிரைப்பு. ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. பொங்கியண்ணனுக்குச் சர்க்கரை. ஆசுபத்திரியில் நீல மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீரை விட்டுச் சூடு காட்டினாள். செங்கல் நிறமாக மாறியது; சர்க்கரை எக்கச்சக்கம். அவரோ மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "இதுக்கு மேல ஒரு லட்டு தின்னா என்ன அம்மிணி?" என்று கேட்டார்.

"நாளைக்குக் காலைல ஆறு பேரும் எங்கூட நடக்கிறீக. ஊத்துமேடு வரைக்கும். ரெண்டு மைல்."

"நடக்கறதா!" அழகுமலை பதறினான். "அவங்க நடக்கக் கூடாதுன்னு வேன் வெச்சுக் கூட்டியாந்திருக்கறனுங்க!"

"அதான் இப்படி இருக்காக."

மறுநாள் ஆளுக்கு ஒரு கம்பு கொடுத்தாள். உப்பும் புகையிலைத் தூளும் முடிந்த துணியால் கால்களைத் தேய்க்கச் சொன்னாள். அட்டை அண்டாது. அவசரம் கூடாது. நின்று நின்று போகலாம். எதையும் எறியக் கூடாது, எதையும் பிடுங்கக் கூடாது. தேயிலைச் சரிவைத் தாண்டி, சோலைக்காட்டு இருட்டைத் தாண்டி, புல்மேட்டின் உச்சியில் வந்து நின்றபோது... மேகம் அவர்களுக்குக் கீழே கிடந்தது. புல்லுக்குள் பத்து இடத்தில் தண்ணீர் கசிந்து, சதுப்பாகி, விரல் தடிமனில் ஓடையாகத் தொடங்கியது. லயத்து நாற்பது வீட்டுக்கும் அதுதான் தண்ணீர். பொங்கியண்ணன் குல்லாயைக் கழற்றினார். குனிந்து அந்தத் தண்ணீரில் விரலை நனைத்தார்.

பேசினவன் அழகுமலை ஒருவன்தான். வழியெல்லாம் பேசினான். அவன் பேச்சில் குருவிகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

"கொஞ்ச நேரம் வாய மூடிட்டு வாரீகளா?"

"உங்க பேர்ல பேச்சிய வெச்சுட்டு என்னைய மூடச் சொன்னா எப்படீங்க?"

அவள் முறைத்தாள். அவன் அந்த முறைப்பைப் பார்த்துக்கொண்டே நடந்து, சதுப்புக்குள் முழங்கால் வரை இறங்கிப் போனான். மூன்று பெரியவர்கள் சேர்ந்து இழுத்தார்கள்.

மூன்று நாள் கேப்பைக் கூழும் கீரையும். முத்துப்பேச்சியின் அம்மா சாந்தம்மாளும் பக்கத்து வீட்டுப் பெண்களும் சமைத்தார்கள். மூன்று நாளும் நடை. மூச்சிரைப்புக்காரர் இரவெல்லாம் தூங்கினார். நீல மருந்து இப்போது செங்கல் நிறமாகவில்லை. பச்சையில் நின்றது. பொங்கியண்ணன் அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பேரனைப் பார்ப்பது போல் பார்த்தார்.

பெட்ரோல் வந்தது. வேன் உறுமியது. அழகுமலை மட்டும் ஏறாமல் நின்றான்.

"ஏனுங்க... மறுக்கா கூட்டியாரட்டுங்களா? இந்த மாதிரியே?"

"ஆறு பேரு. ஏழாவது ஆளு வந்தா பாலத்துலயே திருப்பி அனுப்பிருவேன். வேன் பாலத்துக்கு அங்கிட்டு. அங்கருந்து நடை. கொண்டு வந்தத எல்லாம் திருப்பிக் கொண்டு போயிரணும்."

"மலை பாக்க வர்றாங்களா, பள்ளிக்கூடத்துக்கு வர்றாங்களா?"

"தங்குறது பள்ளிக்கூடத்துலதான?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு வேனோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. லயத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அவளோடு வந்து உயிரை வாங்கியது.

மார்கழியில் வந்தான். தையில் வந்தான். மாசியிலும் வந்தான். ஒவ்வொரு தடவையும் ஆறு பேர், ஆறு கம்பு. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கோளாறு. அட்டைக்கு உப்பு வாங்கி வரச் சொன்னால் கற்கண்டு வாங்கி வந்தான். "ரெண்டும் வெள்ளையாத்தானுங்க இருந்துச்சு." அவளுக்கென்று கோயமுத்தூரிலிருந்து பிளாஸ்டிக் ரோசாப்பூ ஒரு கொத்து கொண்டு வந்தான். "வாடவே வாடாதுங்க!"

"இந்த மலையில பூவுக்கா பஞ்சம்? இத ஆடு தின்னா ஆடு செத்துரும். கொண்டு வந்தத..."

"திருப்பிக் கொண்டு போயிரணும். தெரியுமுங்க," என்று பரிதாபமாகப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

மாசியில் ஒரு நாள், பெரியவர்கள் முன்னால் போய்விட்டார்கள். காலம் தப்பிய மழை ஒன்று சடசடவென்று பிடித்துக்கொண்டது. ஒரே குடை. அவன்தான் பிடித்திருந்தான். அதிசயமாகப் பேசாமல் வந்தான். சோலைக்காட்டில் இலைக்கு இலை மழை இறங்கும் சத்தம்... ஈர மண் வாசனை... பக்கத்தில் அவன் மூச்சு. இவன் ஏன் பேச மாட்டேன் என்கிறான்? பேசினால் திட்டலாம். பேசாமல் வந்தால் என்ன செய்வது?

காட்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் கவனித்தாள். குடை முழுக்க அவள் பக்கம் இருந்தது. அவன் வலது தோளிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

"என்ன மனுசன் நீங்க! ஒரு குடை பிடிக்கத் தெரியாதா?"

"தெரியாதுங்க," என்று அவளையே பார்த்தான். மழையில் நனைந்த இமைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவளால் அதற்கு மேல் திட்ட முடியவில்லை.

பங்குனியில் அவன் வரவில்லை. வராதது நல்லதுதான், நிம்மதி, என்று சொல்லிக்கொண்டே ஒரு நாளைக்கு நாலு தடவை பாலத்தைப் பார்த்தாள்.

சித்திரையில் வந்தான். மூன்று ஜீப்புகளோடு!

முத்துப்பேச்சி ஆசுபத்திரி வாசலில் நின்றாள். ஜீப்புகள் பாலத்தைத் தாண்டி, லயத்தைத் தாண்டி, தேயிலைச் சரிவின் வண்டித்தடத்தில் ஏறின. ரேடியோ அலறியது. இருபது பேர் இருப்பார்கள். முன் ஜீப்பில் பொங்கியண்ணன். ஓட்டுகிறவன் அழகுமலை. அவள் குறுக்கு வழியில் ஓடிப் போய், புல்மேட்டுக்குக் கீழே வழி மறித்தாள். முந்தின ராத்திரிதான் கோடை மழை கொட்டியிருந்தது.

"திருப்புங்க."

அழகுமலை இறங்கி வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. "அப்பாருக்குச் சக்கரை கொறஞ்சத கேட்டுட்டு அவரு சேத்தாளி கூட்டாளிங்க எல்லாம் கெளம்பீட்டாங்க. நடக்க மாட்டேங்கறாங்க. ஒரே ஒரு தடவைங்க. மேல போயிட்டு உடனே எறங்கீருவோம்."

"மண்ணு ஊறிக் கெடக்கு. டயரு ஏறுனா ஊத்து கிழிஞ்சு போகும். திருப்புங்க."

ஜீப்புக்குள்ளிருந்து யாரோ சத்தமாகச் சொன்னார். "என்னப்பா அழகுமலை, ஒரு கொழுந்து பறிக்கிற புள்ள சொன்னா நின்னுக்குவியா?" எல்லாரும் சிரித்தார்கள்.

அவன் காது சிவந்தது. ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு சொன்னான். "வண்டி எங்க போகோணும்னு நான் முடிவு பண்ணிக்கறனுங்க. உங்க சோலிய நீங்க பாருங்க."

அந்தக் கோபத்திலும் 'ங்க' போடுவதை விடவில்லை. அதுதான் அதிகமாகக் குத்தியது.

அவள் விலகி நின்றாள். மூன்று ஜீப்புகளும் சதுப்பைக் கிழித்துக்கொண்டு ஏறின. ஒன்று புதைந்தது. மற்றது அதை இழுத்தது. அரைமணி நேரத்தில் பச்சைப் புல்மேட்டில் முழங்கால் ஆழத்துக்குச் செம்மண் வாய்க்கால்கள். அவர்கள் இறங்கிப் போனபோது ரேடியோ பாடவில்லை. முன் ஜீப்பில் பொங்கியண்ணன் தலை குனிந்திருந்தார்.

"இனிமே இந்தப் பக்கம் வராதீக," என்றாள் முத்துப்பேச்சி. அழகுமலை அவளைப் பார்க்காமல் வண்டியை நகர்த்தினான்.

மறுநாள் லயத்துக் குழாயில் செக்கச்செவேல் என்று தண்ணீர் வந்தது. அம்மா சேலைத் துணியை நாலாக மடித்து வடிகட்டினாள். அப்பா மொக்கையன், தோட்டத்து வாட்சர், மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மூன்று குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. முத்துப்பேச்சி வீடு வீடாகப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னாள். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி. "ஒன்னோட ஆளுதான அவரு?"

என்னோட ஆளு! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோட்டத்துக்குள் வர வழி விட்டது யார்? அவள். துரையிடம் கொட்டகை கேட்டது யார்? அவள். மாசி மழையில் ஒரு நனைந்த தோளைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடந்த கிறுக்கச்சி யார்? அவளேதான்... கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது கண்ணீர் விழுந்தது. அதற்கும் சேர்த்து அவனைத் திட்டினாள்.

ஆறாம் நாள் காலையில் ஊற்றைப் பார்க்கப் போனாள். சோலைக்காட்டிலேயே சத்தம் கேட்டது. தொப்... தொப்... யாரோ மண் வெட்டுகிறார்கள்.

புல்மேட்டில் தூறல். சேற்றுக்கு நடுவே, சட்டையெல்லாம் செம்மண்ணாக, அழகுமலை நின்றிருந்தான். கையில் மண்வெட்டி. டயர் கிழித்த பள்ளத்துக்குள் புல்கட்டிகளை வைத்து மிதித்துக்கொண்டிருந்தான். பாதிப் பள்ளம் மூடியிருந்தது. ஜீப் இல்லை. வேன் இல்லை. அவன் ஒருவன்தான்.

அவள் கிட்டே ஓடினாள். அடுத்த கணம் அவன் என்ன செய்திருக்கிறான் என்பது தெரிந்தது. "அய்யோ... அய்யோ! என்ன காரியம் செய்யுதீக! ஊத்துக் கண்ணு மேலயே புல்லக் கொண்டாந்து அடைக்கிறீகளே!"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். மண்வெட்டி காலில் விழுந்தது.

"அடைக்கக் கூடாதுங்களா?"

"தண்ணி எங்கிட்டு வரும்? அத எடுங்க. கல்ல மொதல்ல பரப்பணும். அதுக்கு மேல புல்லு. வேரு கீழ, இலை மேல! இதென்ன தலைகீழா நட்டு வச்சிருக்கீக?"

"ரெண்டு நாளா இப்படித்தானுங்க வெச்சேன்," என்றான் பலவீனமாக.

"ரெண்டு நாளா? ராத்திரி எங்க படுத்தீக?"

"ஏலக்காய் ஸ்டோர்ல வாட்ச்மேன் எடங் குடுத்தாருங்க. உங்க லயத்துப் பக்கம் வரல. நீங்க வராதீங்கன்னுட்டீங்களே. முழுசா மூடீட்டு, ஒரு தடவ பாத்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிரலாமுன்னு..."

அவள் அவன் கையைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையும் கொப்புளம் உடைந்து கிடந்தன. "இந்தக் கைய வச்சுக்கிட்டா? காட்டுங்க. மருந்தும் எடுத்துட்டு வரல... சீ, ஒங்களோட பெரிய தொல்லை!" முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. குளிர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தார்கள். அவள் கல் பரப்பினாள். அவன் புல்கட்டி சுமந்தான். உச்சி நேரத்தில் அடைபட்ட கண் திறந்து, கல்லுக்கு நடுவே தண்ணீர் எட்டிப் பார்த்தது. முதலில் கலங்கல். பிறகு தெளிந்தது.

"அன்னைக்கு அத்தன பேரு முன்னால வீம்பு," என்றான் அவன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "நீங்க சொன்னது சரீன்னு அப்பவே தெரியுமுங்க. தெரிஞ்சேதான் வண்டிய எடுத்தேன். அத நெனச்சா எம்மேல எனக்கே வெறுப்பா இருக்குது. அப்பாரு வழி பூரா பேசவே இல்ல. ஊட்டுக்குப் போயி ஒன்னுதான் சொன்னாரு. அந்தப் புள்ள பாத்த பார்வைல எனக்குச் சோறு எறங்குலடான்னு..." நிறுத்தினான். "எனக்கு மாசி மாசத்துல இருந்தே எறங்குலீங்க."

தூறல் வலுத்தது. இந்தத் தடவை குடையே இல்லை.

"பங்குனில ஏன் வரல?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"வந்தா சொல்லிப்போடுவேன்னு பயந்துட்டனுங்க. உங்களப் புடிச்சிருக்குதுன்னு. நெம்பப் புடிச்சிருக்குதுன்னு."

சொல்லிவிட்டான். சேற்று முகத்தோடு, கட்டுப் போட்ட கைகளோடு, நேராகப் பார்த்துச் சொல்லிவிட்டான். முத்துப்பேச்சிக்கு மலையே ஒரு அடி கீழே இறங்கியது போல் இருந்தது.

"ஒங்க அய்யா சம்மதிப்பாகளா? ஊரு?"

அவன் நெளிந்தான். "அப்பாரு... உங்க ஊட்டுலதானுங்க இருக்கறாரு இப்ப. காலைல பஸ்சுல வந்து, ஸ்டோர்ல என்னையப் பாத்துட்டுத்தான் போனாரு. பாலத்துல இருந்து நடந்துதான் வருவேன்னு நடந்தே வந்தாரு. உங்க அய்யாகிட்ட பொண்ணு கேக்கோணும்னாரு. ஊருல பேசறவங்களையும் மலைக்குக் கூட்டியாந்து நடக்க வெச்சுரலாமுங்கறாரு."

"என்னக் கேக்காமயா!" அவள் எழுந்தே விட்டாள். "எனக்குத் தெரியாம, எங்க வீட்டுல, எங்க அய்யாகிட்ட..."

"நான் சொன்னனுங்க, மொதல்ல அந்தப் புள்ளகிட்ட கேக்கறேன்னு. அவரு கேக்குலீங்க. நீங்க வேண்டான்னா இப்பவே ஓடிப்போயி அவரக் கூட்டிட்டுப் போயர்றேன். சத்தியமாங்க."

நிஜமாகவே ஓடத் தயாராக நின்றான். தப்பான திசையில்.

முத்துப்பேச்சி இடுப்பில் கை வைத்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உப்புக்கும் கற்கண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. புல்லுக்கு வேரு எது, இலை எதுன்னு தெரியாது. குடை பிடிக்கத் தெரியாது. பெட்ரோல் இருக்கான்னு பாக்காம மலையேறத் தெரியும். இம்புட்டுக் கோளாறையும் வேற எவ தலையிலயாவது கட்டிட்டு நான் இங்கன நிம்மதியா இருந்துருவேனா? என்னாச்சோ, எங்க விழுந்தீகளோன்னு ஆயுசுக்கும் பாலத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்கணும்."

அழகுமலை கண்ணைக் கொட்டினான். "அப்படீன்னா... வேண்டானுங்களா?"

"கடவுளே!" என்று அவள் வானத்தைப் பார்த்தாள். மழை கண்ணுக்குள் விழுந்தது. அவனுடைய கட்டுப் போட்ட கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் 'ஆ' என்றான். அவள் விடவில்லை.

"புடிச்சிருக்குன்னு சொல்லுதேன்யா... ஒனக்கு எத்தன தடவ சொல்லணும்!"